மோட்டார் கழகங்களின் வரலாறும் தமிழரும்



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் மேடையில் இன்று மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இன்னும் நுட்பமாகச் சொன்னால், மோட்டார் வண்டியில் பெருவிருப்பம் கொண்டவர்கள் தமக்குள் கூடி அமைத்துக்கொண்ட கழகங்களின் வரலாற்றைப் பேச வந்திருக்கிறோம். மொழி மன்றத்தில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். விடைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் கூடியிருக்கும் இச்சாலையின் பெயர்ப்பலகையை நோக்கினால் போதும். 'ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்' என்னும் தொடரில் முதற்சொல் மலாய், இரண்டாவது அரபு, மூன்றாவது போர்த்துகீசியம் வழியே வந்தது, நான்காவது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் திரிபு என்பர். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசலால் இச்சாலை இப்பெயர் பெற்றது. பிட் தெரு என்பது இதன் பழைய பெயர். சாலைகள் வழியே வண்டிகள் மட்டும் வருவதில்லை, சொற்களும் வருகின்றன. அவற்றோடு சில உரிமைகளும் சில விலக்குகளும் வருகின்றன. மோட்டார் கழகங்களின் வரலாறு இம்மூன்றையும் ஒருங்கே காட்டுவது.

கழகம் என்னும் சொல்

முதலில் 'கழகம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று பல்கலைக்கழகம் என்கிறோம். கற்றோர் கூடும் இடத்திற்கு அப்பெயரை வழங்குகிறோம். திருக்குறளின் சூது அதிகாரத்தில் இதே சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. ஆடுவதற்குக் கூடும் இடமும் கற்பதற்குக் கூடும் இடமும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டமை எண்ணத்தக்கது. மோட்டார் கழகங்களின் கதையும் அவ்வாறே. விளையாட்டாகத் தொடங்கிய கூட்டங்கள் காலப்போக்கில் நாட்டின் சாலைச் சட்டத்திற்கே ஆசிரியராயின.

தனியார் உறுப்பினர் கழகம் ஒன்றிற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. நுழைவுக்குப் பிறர் ஒப்புதல் வேண்டும். ஆண்டுச் சந்தா வேண்டும். உறுப்பினர் பெயரேடு ஒன்று இருக்கும். இம்மூன்றாவதை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். வரலாறு எழுதுவோர் பின்னாளில் தேடிச் செல்வது அப்பெயரேட்டைத்தான்.

ஐரோப்பியத் தொடக்கம்

1895ஆம் ஆண்டு பாரிசிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று மீளும் ஓட்டப்பந்தயம் ஒன்று நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் பிரான்சு ஆட்டோமொபைல் கழகம் பிறந்தது. இவ்வகைக் கழகங்களுக்கு அதுவே முன்னோடி. 1897இல் இலண்டனில் பிரித்தானிய ஆட்டோமொபைல் கழகம் தோன்றியது. 1907இல் மன்னர் ஏழாம் எட்வர்டு அளித்த சிறப்பால் அது 'அரச' என்னும் அடைமொழி பெற்றது.

அன்றைய இங்கிலாந்தின் நிலையை அறிந்தால்தான் இக்கழகங்கள் எதற்காக எழுந்தன என்பது விளங்கும். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, இயந்திர வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேலும், வெளியே 4 மைலுக்கு மேலும் செல்லலாகாது. வண்டிக்கு முன் செங்கொடி ஏந்திய ஒருவர் நடந்து செல்ல வேண்டும். கொடி விதி பின்னர்த் தளர்ந்தது. வேகக் கட்டுப்பாடு 1896இல் உயர்ந்தது. எனினும் பொதுமக்களின் அச்சம் தீரவில்லை. குதிரைகள் மிரண்டன; புழுதி பறந்தது; ஊரார் சினந்தனர். இந்த அச்சத்தைப் போக்க இலண்டன் கழகம் 1900இல் ஆயிரம் மைல் சோதனை ஓட்டம் ஒன்றை நடத்தியது. 65 வண்டிகள் இலண்டனிலிருந்து எடின்பரோ வரை சென்று திரும்பின. வழிநெடுக நகரங்களில் அவை காட்சிக்கு நிறுத்தப்பட்டன. அதுவரை மோட்டார் வண்டியைக் கண்ணாற் காணாத பல்லாயிரவர் அதை அன்று கண்டனர்.

1905இல் தோன்றிய ஆட்டோமொபைல் சங்கத்தின் கதை வேறு வகையானது. வேகக் கட்டுப்பாட்டை மீறுவோரைப் பிடிக்கக் காவலர் மறைந்திருப்பர். அவர்கள் இருக்குமிடத்தை உறுப்பினர்க்கு முன்கூட்டி உணர்த்தச் சங்கம் மிதிவண்டிக் காவலாட்களை அமர்த்தியது. எச்சரிப்பது குற்றம் என்று நீதிமன்றம் 1910இல் கூறியபோது சங்கம் ஓர் உபாயம் கண்டது. உறுப்பினர் வண்டியைக் கண்டால் காவலாள் வணக்கம் செய்வான். அவன் வணக்கம் செய்யாவிடில் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். வணங்காமையே எச்சரிக்கையாயிற்று. இதை நகைச்சுவையாகக் கொள்ளலாம். எனினும், பொதுச் சட்டத்திலிருந்து தம் உறுப்பினரைக் காப்பதையே ஒரு கழகம் தன் கடமையாகக் கருதிய காலம் அது என்பதையும் மறத்தலாகாது.

அதே கழகங்கள் பொதுநன்மைக்கும் வழிகோலின. அரசு தேர்வு நடத்தத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இலண்டன் கழகம் ஓட்டுநர் திறனைச் சோதித்துச் சான்றளித்தது. சாலையோர எச்சரிக்கைப் பலகைகளை முதலில் நாட்டியவர்கள் மிதிவண்டிக் கழகத்தாரும் மோட்டார் கழகத்தாருமே. 1909இல் பாரிசில் கூடிய நாடுகள் செய்த உடன்படிக்கையில் நான்கு குறிகள் ஏற்கப்பட்டன: மேடுபள்ளம், வளைவு, குறுக்குச்சாலை, இருப்புப்பாதைக் கடவு. எழுத்தறியாதாரும் எம்மொழியினரும் ஒரு பார்வையில் உணரும் அந்நான்கு குறிகளும் ஓர் உலகப் பொது எழுத்தின் நெடுங்கணக்கு எனலாம். சிலரின் பொழுதுபோக்கு பலரின் பாதுகாப்பாக மாறிய இடம் இது.

நீரிணைக் குடியேற்றங்களில்

இனி நம் நிலப்பகுதிக்கு வருவோம். சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி 1896இல் வந்தது. அதன் உரிமையாளர் சார்லஸ் பர்ட்டன் பக்ளி; சிங்கப்பூரின் பழங்கால நிகழ்ச்சிகளைத் தொகுத்து நூலாக்கியவர். அவ்வண்டியை ஊரார் 'காப்பி இயந்திரம்' என்று கேலி செய்தனர். அடுத்த பத்தாண்டுகளில் டேர் அம்மையார் அங்கு மோட்டார் ஓட்டிய முதற்பெண்மணியாகப் புகழ்பெற்றார். அவர் வண்டியின் பதிவெண் எஸ் 1. 1907இல் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் கழகம் நிறுவப்பெற்றது. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன் அதன் முதல் தலைவரானார். பினாங்கும் அவர் ஆட்சிக்குட்பட்டதே. நாட்டை ஆள்பவரே தனியார் கழகம் ஒன்றின் தலைவராக இருந்தார் என்றால், அக்கழகத்தின் விண்ணப்பம் எவ்வளவு விரைவாகச் செவிமடுக்கப்பட்டிருக்கும் என்பதை மாணவர்கள் உய்த்துணரலாம். 1932இல் மலாயா முழுமைக்குமான ஆட்டோமொபைல் சங்கம் தோன்றியது. இன்று மலேசிய ஆட்டோமொபைல் சங்கம் என வழங்குவது அதுவே. வழியில் பழுதுற்ற வண்டிக்கு உதவுவதும், வெளிநாட்டில் வண்டியோட்டுதற்குரிய அனைத்துலக அனுமதிச் சீட்டு வழங்குவதும் அதன் பணிகளுட் சில.

1907ஆம் ஆண்டைச் சற்றே நிறுத்திப் பார்ப்போம். அதே ஆண்டில் மலாயாவில் மற்றோர் அமைப்பும் உருவாயிற்று. அதன் பெயர் தமிழர் குடியேற்ற நிதி. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள், அவர்களின் வேலை நாள்களைக் கணக்கிட்டு இந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அப்பணத்திலிருந்து மேலும் பல தமிழருக்குக் கப்பற்கட்டணம் கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் முதலில் தொட்ட துறைமுகம் இந்தப் பினாங்கு. கங்காணிகள் அழைத்துவந்த ஆயிரமாயிரம் பேர் இங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர்.

ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரு அமைப்புகளையும் இணைத்தது ஒரு பொருள்: ரப்பர். காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் உருவாக்கினார். அதே ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். 1896இல் தான் சாய் யான் மலாக்காவில் ரப்பரைத் தோட்டப் பயிராக்கினார். 1908 முதல் 1927 வரை போர்டு நிறுவனத்தின் டி வகை வண்டி மட்டும் ஒன்றரைக் கோடி விற்பனையானது. வண்டி ஒவ்வொன்றுக்கும் டயர் நான்கு. 1920ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் விளைந்தது.

அந்தப் பாலை எடுத்தவர் யார்? விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, குளிர் நீங்குமுன் மரத்திற்கு மரம் நடந்து பட்டையைச் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, ஒட்டுப்பாலைக் கிள்ளிக் கூடையில் இட்டவர்கள். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ் ஆடவரும் பெண்டிரும். சாலைக்குக் கல்லுடைத்துப் பரப்பியவர்களிலும் தமிழர் பலர். டயரும் அவர்கள் கைப்பட்டது. டயர் உருண்ட சாலையும் அவர்கள் கைப்பட்டது. ஆளுநர் தலைமை தாங்கிய கழகத்தின் பெயரேட்டில் அவர்களுக்கு இடம் ஏது? சம்பளம் பெறுவோராக அக்கழக வாயிலுக்குள் நுழைந்த தமிழர் உண்டு. குதிரை பேணுபவரைக் குறித்த 'சைஸ்' என்னும் சொல் மலாயாவில் மோட்டார் ஓட்டும் பணியாளருக்கும் வழங்கலாயிற்று. குதிரை போய் இயந்திரம் வந்த பின்னும் ஏவலாளின் பெயர் மாறவில்லை. சொல்லொன்று சமூகத்தின் படிநிலையை எவ்வளவு நாள் சுமந்து நிற்கும் என்பதற்கு இது தக்க சான்று.

சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும்

தமிழர் தாமே உறுப்பினராகவும் நடத்துநராகவும் இருந்த கழகத்தைக் காணச் சென்னைக்குச் செல்ல வேண்டும். நாடு விடுதலை பெற்ற பின், 1953இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் நிறுவப்பெற்றது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. போருக்காக இட்ட பாதை விளையாட்டுக்கு உதவிற்று. ஆண்டுதோறும் அங்கு நடந்த பந்தயங்களைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. சென்னைவாசிகளின் நினைவில் சோழவரம் என்றால் பந்தயம் என்றே நெடுங்காலம் பதிந்திருந்தது.

அக்காலத்தில் இந்தியாவிற்குள் வெளிநாட்டு வண்டிகளும் உதிரி உறுப்புகளும் வருவது அரிது. கிடைத்தவை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சில வகைகளே. கழகத்தார் அவற்றையே பட்டறையில் பிரித்து, எடை குறைத்து, இயந்திரத்தைச் செப்பம் செய்து பந்தயத்திற்கு விட்டனர். பட்டறைத் தொழிலாளியின் கைத்திறன் இல்லையேல் பந்தயம் இல்லை. உரிமையாளரும் தொழிலாளியும் ஒரே வண்டியின் கீழ் எண்ணெய்க் கறையோடு படுத்திருந்தமையால், பழைய நீரிணைக் கழகங்களில் இல்லாத ஒருவகை நெருக்கம் இங்கே விளைந்தது. சமத்துவம் முழுமையாக வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பந்தய வண்டி என்றும் பொருளுடையார்க்கே எட்டும் பொருளாக இருந்தது.

சோழவர ஓடுபாதை கழகத்தின் உடைமை அன்று. ஒவ்வொரு முறையும் பந்தயத்திற்கென ஏற்பாடு செய்து, முடிந்ததும் கலைத்துவிட வேண்டும். இந்நிலை மாற, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கழகம் தனக்கெனப் பந்தயப் பாதையை அமைத்தது. 1990இல் அது திறக்கப்பட்டது. பாதையின் நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. அப்பகுதியில் பெரிய கார்த் தொழிற்சாலை எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இப்பாதை எழுந்துவிட்டது. உறுப்பினர்களின் சங்கம் ஒன்று, அரசின் கையை எதிர்பாராது, நாட்டிற்குப் பயன்படும் நிலையான களத்தை உருவாக்கியது என்பதில் ஐயமில்லை.

களம் அமைந்தால் மட்டும் போதாது. நுழைவுக்கு எளிய வழியும் வேண்டும். அதை அமைத்தவர்களுள் முதன்மையானவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன். எல்லோரும் அறிந்த மாருதி 800 காரின் இயந்திரத்தைப் பொருத்திச் சிறிய பந்தய வண்டிகளை அவர் உருவாக்கினார். 'பார்முலா மாருதி' எனப் பெயர் பெற்ற அவ்வண்டி, இளைஞர் பலருக்கு முதற்படியாயிற்று. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நரேன் கார்த்திகேயன் தம் முதற்பந்தயத்தை ஓடியது இருங்காட்டுக்கோட்டைப் பாதையில், அத்தகைய பார்முலா மாருதி வண்டியில். 2005இல் அவர் பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அவ்வாண்டு மார்ச்சில் நம் செப்பாங் பாதையிலும் ஓடி 11ஆம் இடத்தில் முடித்தார். 2010இல் அவரைத் தொடர்ந்து பார்முலா 1இல் நுழைந்த கருண் சந்தோக்கின் பாட்டனார் இந்து சந்தோக், சென்னைக் கழகத்தை நிறுவியோருள் ஒருவர். ஒரு கழகம் மூன்று தலைமுறைக்கு விடாது நின்றால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று.

பந்தய நாளில் வளைவுதோறும் நிற்கும் கொடியாளர்களையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். மஞ்சட்கொடி ஆபத்தையும், நீலக்கொடி பின்னே விரைந்து வரும் வண்டியையும், செங்கொடி பந்தய நிறுத்தத்தையும் உணர்த்தும். 1865இல் வண்டியை அடக்குவதற்காகச் சட்டம் ஒருவர் கையில் செங்கொடியைத் திணித்தது. இன்று உயிரைக் காப்பதற்காகத் தொண்டர் ஒருவர் அக்கொடியைத் தாமே விரும்பி ஏந்துகிறார். கழக வாழ்வின் உயர்ந்த பகுதி அதுவே என்பது நம் கருத்து.

பெயரிட்டவர் யார்?

இனி மொழிக்கு வருவோம். இயந்திரம் கழகத்தார் வழி வந்தது. அதற்குப் பெயரிட்டவர்கள் பெரும்பாலும் கழகத்திற்கு வெளியே இருந்தவர்கள். மலாய் மொழி வண்டியைக் குறித்த போர்த்துகீசியச் சொல்லை ஏற்றுக் 'கெரேத்தா' என்றது. நம் கடையையும் கப்பலையும் 'கெடாய்', 'கப்பால்' என முன்பே எடுத்துக்கொண்ட மொழி அது. மலேசியத் தமிழர் பேச்சில் 'காடி' என்பர். ஏட்டில் 'மகிழுந்து' என எழுதுவர். ஓட்டுபவரைத் தமிழகத்தார் 'ஓட்டுநர்' என்பர். ஈழத்தார் 'சாரதி' என்பர். நம் நாளேடுகள் 'வாகனமோட்டி' என்றும் எழுதும். தேரோட்டியைக் குறித்த சாரதி என்ற சொல் பேருந்தின் இருக்கையில் வந்து அமர்ந்தது ஒரு நல்ல மொழிப்பயணம்.

மாற்றுச் சக்கரத்தைத் தமிழகத்து ஓட்டுநர் 'ஸ்டெப்னி' என்பர். வேல்சு நாட்டு லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. 1904இல் அங்குள்ள பட்டறை ஒன்றில் மாற்றுச் சக்கரம் உருவானது. அத்தெருவின் பெயரையே வணிகர் அதற்குச் சூட்டினர். இந்தக் கருத்தும் தேவையும் நமக்குப் புதியன அல்ல. உப்பு வணிகரான உமணர், நெடுவழியில் அச்சு முறிந்தால் உதவுமென வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கினார். வள்ளல் ஒருவனை அதற்கு ஒப்பிட்டார். சேமச் சக்கரம் என்றால் இன்றும் எவருக்கும் விளங்கும். ஆசிரியர்கள் வகுப்பறையில் இதைச் சொல்லுங்கள். பழஞ்சொல் புதுப்பொருளுக்கு எப்படி வழிவிடும் என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

நாம் செய்யத்தக்கது

மூன்று செய்திகளைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது: தனியார் கழகம் தானே தீதும் அன்று, நன்றும் அன்று. மறைந்திருக்கும் காவலரைக் காட்டிக்கொடுத்த மனமும், வளைவில் எச்சரிக்கைப் பலகை நாட்டிய மனமும் ஒரே வகைக் கழகங்களில் இருந்தன. தன் பயனை வாயிலுக்கு வெளியே நிற்பவருக்கும் எட்டச் செய்கிறதா என்பதே உரைகல்.

இரண்டாவது: நிலைத்த களமும் எளிய நுழைவும் சேர்ந்தே திறமையை வளர்க்கும். இருங்காட்டுக்கோட்டைப் பாதையும் மாருதி இயந்திர வண்டியும் சேர்ந்ததாலேயே முதற்படி ஏற முடிந்தது. இது மோட்டார் பந்தயத்திற்கு மட்டும் உரிய நெறி அன்று. நாடகக் குழுவுக்கும் நூலகத்திற்கும் தமிழ்ப் பள்ளிக்கும் பொருந்தும்.

மூன்றாவது, மாணவர்களுக்குரியது: பெயரேடு உள்ளவர்களின் வரலாறு எழுதப்பட்டுவிடும். ஏடில்லாதவர்களின் வரலாற்றை நாம் எழுதினாலன்றி வேறு எவரும் எழுதப்போவதில்லை. இத்தீவிலும் எதிர்க்கரையிலும் முதிய ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள், பால்மரம் சீவிய பாட்டிமார் இருக்கிறார்கள். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் முதலிய சொற்களுக்கு அவர்களே உயிருள்ள அகராதி. ஆளுக்கு ஒருவரைத் தேடிச் சென்று, அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்னபடியே எழுதி, நாளும் ஊரும் குறித்து வையுங்கள். ஆசிரியர்கள் அதை ஓராண்டுப் பாடவேலையாக ஏற்று, கிடைத்தவற்றைப் பள்ளி நூலகத்தில் ஏடாகக் கட்டி வைப்பார்களாக. அந்த ஏட்டிற்கு நுழைவு ஒப்புதலும் வேண்டா, சந்தாவும் வேண்டா.